ஒன்பது போட்டவர் எந்த மெஷினில் விளையாடினார்?

கன்சோல்_கணேசன் எழுதியது:

வணக்கம். இங்கே நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இது இரண்டாவது தடவை. கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் இருப்பது பிஎஸ்4 ஸ்லிம் என்ற பழைய கேம் மெஷின், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நானும் தம்பியும் வருடத்துக்கு ஒரே ஒரு கேமைத்தான் முழு விலை கொடுத்துப் புதுசாக வாங்குவோம், தீபாவளி போனஸ் வரும்போது. மற்றபடி எக்ஸ்சேஞ்ச் டிஸ்க்தான்.

இந்த முறை 3,999 ரூபாய். கேமின் பெயர் வேண்டாம், அதற்காக உயிரைக் கொடுக்கிற ரசிகர்கள் இங்கேயே நாலு பேர் இருப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் ஆறு ஆங்கிலத் தளங்களில் விமர்சனம் பார்த்தேன். மூன்றில் 9, இரண்டில் 8.5, ஒன்றில் 10. நான் வழக்கமாகப் பார்க்கும் தமிழ் யூடியூப் சேனல்காரரும் "கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றார். அவர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால், சந்தைக்குள் நுழைந்ததும் படம் திணறுகிறது. ஆட்கள் பேசி முடித்த பிறகுதான் அவர்கள் முகமே தெளிவாகிறது. முதல் நாளிலேயே இரண்டு தடவை எரர் காட்டி வெளியே வந்துவிட்டது. "அண்ணே, இது கேமா இல்லை கல்யாண ஆல்பமா? ஒவ்வொரு போட்டோவாக வருதே" என்று தம்பி கேட்டான். சிரிப்பும் வந்தது, 3,999 ரூபாயும் ஞாபகம் வந்தது.

என் கேள்வி இதுதான். இந்த விமர்சகர்கள் எல்லாரும் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா? எங்கள் கடை முதலாளி "இதில் என்னடா சந்தேகம்" என்கிறார். எனக்கு அதை முழுசாக நம்பவும் முடியவில்லை. ஆறு பேருக்குமா கொடுத்திருப்பான்? கொடுக்கவில்லை என்றால், என் வீட்டில் பத்து நிமிடத்தில் தெரிந்தது ஆறு பேர் கண்ணிலும் படாமல் போனது எப்படி?


சேவ்_பாயின்ட் எழுதியது:

எல்லாம் காசுதான் ப்ரோ. விளம்பரம் கொடுப்பவனும் அவன்தான், விமர்சனம் எழுதப்படுகிறவனும் அவன்தான். மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்கு யாராவது மார்க் குறைத்துப் போடுவானா? நான் பத்து வருடமாக எந்த ரிவியூவையும் படிப்பதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.


பீளமேடு_பாண்டியன் எழுதியது:

கணேசன் தம்பி, காசு என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடிந்தால் எனக்கும் நிம்மதிதான்.

2011இலிருந்து ஐந்து வருடம் ஓர் ஆங்கிலத் தொழில்நுட்பத் தளத்துக்குப் பகுதி நேரமாக கேம் விமர்சனம் எழுதினேன். அந்தத் தளம் இப்போது இல்லை. அந்த ஐந்து வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கவர் நீட்டியதில்லை. நீட்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று இப்போது வீரமாகச் சொல்லலாம், ஆனால் ஒரு விமர்சனத்துக்கு எனக்குக் கிடைத்தது 1,200 ரூபாய். கேமை முடிக்கச் சராசரியாக முப்பது மணி நேரம். மணிக்கு 40 ரூபாய். எழுதும் நேரம் அதில் சேராது.

கவர் இல்லை. ஆனால் ரிவியூ கோட் இருந்தது, அதாவது விமர்சகர் கேமை முன்கூட்டியே இலவசமாக இறக்கி விளையாட உதவும் எண். கேம் வெளியாவதற்கு நாலைந்து நாள் முன்னால் கம்பெனிக்காகப் பத்திரிகைகளோடு பேசும், மும்பையில் உள்ள பிஆர் ஏஜென்சியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதில் கோட் இருக்கும், கூடவே எம்பார்கோ இருக்கும்: இன்ன தேதி, இன்ன மணிக்கு முன்னால் எதுவும் வெளியே வரக் கூடாது, ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு வரும் எதையும் படமாகக் காட்டக் கூடாது, இப்படி. அந்தக் கோட் வந்தால் கேம் வெளியாகும் நேரத்தில் உங்கள் விமர்சனமும் தயாராக இருக்கும். வரவில்லை என்றால் எல்லாரையும் போல் கடையில் வாங்கி, ஒரு வாரம் கழித்துப் போட வேண்டும். அதற்குள் யாரும் தேட மாட்டார்கள். விமர்சனம் படிக்கிற கூட்டமெல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் வந்து போய்விடும், பொங்கலுக்குக் கரும்பு வாங்குகிற மாதிரி. பதினேழாம் தேதி கரும்பு விற்று என்ன பயன்?

ஒரு தடவை ஒரு ஷூட்டிங் கேமுக்கு 5.5 போட்டேன். ஏஜென்சியிலிருந்து போன். மிரட்டவில்லை, திட்டவில்லை. "சார், கடைசி மிஷன் வரைக்கும் போனீங்களா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். போயிருந்தேன். "சரி சார், ஃபீட்பேக்கை அனுப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அதே கம்பெனியின் அடுத்த கேமுக்குக் கோட் வந்தது, வெளியான அன்றைக்குச் சாயங்காலம். அதற்கடுத்த கேமுக்கு வரவேயில்லை. எடிட்டர் கூப்பிட்டு, "பாண்டியன், கொஞ்சம் பார்த்து எழுதலாமே" என்றார். மதிப்பெண்ணை மாற்று என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனியின் கேம் வந்தது. மனசுக்குள் 6.5 என்று தோன்றியது. 7.5 என்று டைப் செய்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் போன் செய்யவில்லை. நானாகவே செய்தேன். "நல்ல முயற்சி", "ரசிகர்களுக்குப் பிடிக்கும்" என்று இரண்டு வாக்கியத்தைச் சேர்த்து அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டேன். உங்கள் ஆறு பேரில் இரண்டு பேராவது இப்படித்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

நேரடியாக விளம்பரத்தால் ஒருவருடைய வேலையே போன கதையும் உண்டு. ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் கேம்ஸ்பாட் என்ற அமெரிக்க விமர்சனத் தளத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர், எடிட்டோரியல் டைரக்டர். 2007 நவம்பரில் "கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்" என்ற கேமுக்கு 6.0 போட்டார். அதை வெளியிட்ட ஐடாஸ் நிறுவனம் அதே சமயத்தில் கேம்ஸ்பாட்டின் முகப்புப் பக்கம் முழுவதையும் அந்த கேமின் விளம்பரத்தால் போர்த்தி வைத்திருந்தது. அதாவது பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் துப்பாக்கியோடு அந்த இரண்டு பேர், நடுவில் அவர்களைப் பற்றி "சுமார்தான்" என்று ஒரு விமர்சனம். மாதம் முடிவதற்குள் ஜெஃப் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விளம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தளம் மறுத்தது. அவரால் வாயைத் திறக்க முடியவில்லை, ஒப்பந்தம் அப்படி. ஆனால் அடுத்த சில மாதங்களில் அங்கிருந்த முக்கியமான எழுத்தாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2008இல் ஜெஃப்பும் ரயன் டேவிஸும் ஜயன்ட் பாம் என்ற தளத்தைத் தொடங்க, கிளம்பியவர்களில் சிலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பின்னால் வருகிறது. 2012இல் கேம்ஸ்பாட்டின் அப்போதைய உரிமையாளரான சிபிஎஸ் இன்டராக்டிவ், ஜயன்ட் பாமையும் வாங்கியது. துரத்திய வீட்டுக்கே சம்பந்தியாக வந்து உட்கார்ந்தார் மனிதர். அந்த விற்பனையோடு பழைய வாய்ப்பூட்டும் கழன்றது. கேம்ஸ்பாட்டின் சொந்த நிகழ்ச்சியிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்: புதிதாக வந்த நிர்வாகத்துக்குப் பத்திரிகைத் தொழில் பழக்கமில்லை, விளம்பரக்காரர்கள் பணத்தை நிறுத்துவோம் என்றதும் பயந்துவிட்டார்கள் என்று. முந்தைய நிர்வாகமாக இருந்தால் அந்த மிரட்டலைத் தாங்கிக்கொண்டிருக்கும், அதற்கு முன்னாலும் தாங்கியிருந்தது என்பதுதான் அதன் பொருள். விளம்பரக்காரன் கத்துவது எப்போதும் நடப்பது. நடுவில் நின்று அதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் விஷயம். எனக்கு அப்படி ஒருவர் இல்லை. எங்கள் எடிட்டரேதான் விளம்பரமும் பிடித்தார்.

இனி உங்கள் ஆறு பேர் விஷயம். 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் விமர்சகர்களுக்குப் போனதெல்லாம் பிசி கோட்தான். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகள் யாருக்கும் முன்கூட்டிக் கொடுக்கப்படவில்லை. அதோடு, வீடியோ விமர்சனத்தில் தாங்கள் விளையாடியதைக் காட்டக் கூடாது, கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் கொடுத்த காட்சிகளை மட்டும்தான் போட வேண்டும் என்று முதலில் நிபந்தனை. விலை உயர்ந்த பிசியில் விளையாடினார்கள், அதில் ஓரளவு ஓடியது, 9 போட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சாதாரண பிஎஸ்4 வைத்திருந்தவர்கள் வீட்டில் போட்டதும் உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம்தான். ஒரே வாரத்தில், பிஎஸ்4 செய்யும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில்.

அதனால் உங்கள் ஆறு விமர்சனத்திலும் ஒரு விஷயம் தேடிப் பாருங்கள். எந்த மெஷினில் விளையாடினார்கள்? எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் கடைசியில், சின்ன எழுத்தில்.


பிழைதேடி எழுதியது:

பாண்டியன் சார் சொன்னதில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருக்கிறது, அது என் வேலை.

சென்னையில் ஒரு கேம் டெஸ்டிங் நிறுவனத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். கணேசன் பத்து நிமிடத்தில் பார்த்ததை எங்களைப் போன்றவர்கள் வெளியாவதற்குப் பல மாதம் முன்னாலேயே பார்த்து, எழுதி, எண் போட்டு அனுப்பியிருப்போம். தெரியாமல் வெளியாகும் பிழை குறைவு. தெரிந்தே வெளியாவதுதான் அதிகம், தேதியை அறிவித்துவிட்டார்களே. விமர்சகரும் அந்தப் பிழையைப் பார்ப்பார். பிஆர் ஆளிடம் கேட்பார். "அது டே ஒன் பேட்ச்சில் சரியாகிவிடும்" என்று பதில் வரும், அதாவது வெளியாகும் அன்றே இறங்கும் திருத்தத்தில். விமர்சகர் பாவம் என்ன செய்வார்? சரியாகப் போகிற ஒன்றை எழுதி வாசகரைக் குழப்புவானேன் என்று விட்டுவிடுவார். பேட்ச் வரும். பாதி சரியாகும். இதில் யாரும் காசு வாங்கவில்லை, ஆனால் கணேசனின் 3,999 போய்விட்டது.

நீங்கள் எல்லோரும் விமர்சகர் பக்கத்திலிருந்தே பார்க்கிறீர்கள். மதிப்பெண் டெவலப்பர்களையும் அடிக்கும். ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேம் 2010இல் வந்தது. அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு ராயல்டி கிடையாது, விமர்சன மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. இதைப் பின்னால் 2012இல் வெளியே சொன்னவர் அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெலோன். எங்கோ ஒரு விமர்சகர் 7.5 போடலாமா 8 போடலாமா என்று டீ குடித்துக்கொண்டே யோசித்திருப்பார், இங்கே ஒரு முழு அலுவலகத்தின் போனஸ் அதில் தொங்கியிருக்கிறது. அது விமர்சகரின் தவறு இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியைப் போட்டவர்களின் தவறு.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். என் தோழிகள் இருவர் சேர்ந்து ஒரு சின்னப் புதிர் கேம் செய்து, பிசி கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் போட்டார்கள். விமர்சனம் கேட்டு எழுதியது நூறு மின்னஞ்சலுக்கு மேல். பெரிய தளங்களிலிருந்து ஒரு பதிலும் இல்லை. பதில் வந்ததெல்லாம் "நாங்கள் ஸ்டீம் கியூரேட்டர் (அங்கே கேம்களைப் பரிந்துரைப்பவர்கள்), ஐந்து கீ (இலவசக் கோட்) அனுப்புங்கள்" என்று கேட்ட முகம் தெரியாத ஆட்களிடமிருந்து. நம்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் அந்தக் கீகள் வேறொரு தளத்தில் பாதி விலைக்கு விற்பனையில் கிடந்தன. பெரிய கம்பெனிக்காரன் விமர்சகரை வளைக்கிறான் என்று நாம் கோபப்படுகிறோம். வளைக்கக்கூட ஆள் கிடைக்காதவர்களின் பாடு வேறு.


சேவ்_பாயின்ட் எழுதியது:

சரி மேடம், ஆனால் பாரபட்சம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2014இல் என்ன நடந்தது? ஒரு பெண் டெவலப்பர், தனக்கு வேண்டிய பத்திரிகையாளரை வைத்துத் தன் கேமுக்கு நல்ல விமர்சனம் வாங்கினார் என்றுதானே அவ்வளவு பெரிய சண்டை? கேமர்கேட் என்று பெயரே வைத்தார்களே. விமர்சனம் என்றால் சொந்த விருப்பு வெறுப்பு இல்லாமல் இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் இவ்வளவு, சவுண்ட் இவ்வளவு, கதை இவ்வளவு என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே.


பிழைதேடி எழுதியது:

அந்த விமர்சனத்தை நீங்கள் படித்தீர்களா? படித்திருக்க முடியாது. அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை.

டிப்ரெஷன் குவெஸ்ட் என்ற இலவச கேம் அது. குற்றம் சாட்டப்பட்ட பத்திரிகையாளர் கொட்டாகு தளத்தில் எழுதியவர். அந்த கேமுக்கு அவர் விமர்சனம் எழுதவில்லை என்று கொட்டாகுவின் ஆசிரியர் அந்த ஆகஸ்ட் மாதமே தேதிவாரியாக விளக்கிவிட்டார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. அந்தப் பெண் மிரட்டல்களுக்குப் பயந்து வீட்டைவிட்டே வெளியேற வேண்டி வந்தது. பத்திரிகை நேர்மைக்காகப் போராட்டம் என்றார்கள். ஆனால் பெரிய பப்ளிஷர்கள், எம்பார்கோ, விளம்பரப் பணம், இதிலெல்லாம் ஒரு கல்லும் விழவில்லை. இலவச கேம் செய்த ஒரு பெண் மீதுதான் அத்தனையும் விழுந்தது. அந்த மாதங்களில் நான் கல்லூரி முடித்து இந்தத் துறையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்பா தினமும் எதையாவது படித்துவிட்டு "இந்த வேலை உனக்கு வேண்டாம்மா" என்பார்.

நண்பர்களாக இருப்பதில் சிக்கலே இல்லை என்று நான் சொல்லவில்லை. டெவலப்பர்களும் எழுதுகிறவர்களும் ஒரே விருந்தில் சாப்பிடுகிற சின்ன உலகம் இது. அந்தச் சண்டையின் நடுவில் கொட்டாகு தன் எழுத்தாளர்கள் டெவலப்பர்களுக்குப் பேட்ரியான் என்ற நன்கொடைத் தளம் மூலம் மாதாமாதம் பணம் அனுப்பக் கூடாது என்று விதி போட்டது. பாலிகான் தளம், அனுப்பினால் வெளியே சொல்ல வேண்டும் என்றது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. சொல்லிவிட்டால் வாசகர் முடிவு செய்துகொள்வார்.

சொந்த விருப்பு வெறுப்பு இல்லாத விமர்சனம் வேண்டும் என்றால் கேமின் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைபர்பங்குக்குப் பலரும் 9 போட்டபோது கேம்ஸ்பாட்டில் 7 போட்டவர் ஒரு பெண். கேம் இன்னும் கடைக்கே வராத நிலையில், விளையாடிப் பார்க்காத ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். விமர்சகருக்கு அழுத்தம் கம்பெனியிடமிருந்து மட்டும் வருவதில்லை. அடுத்த தடவை 7 போட வேண்டிய இடத்தில் ஒருவர் 8 போட்டால், அதில் நமக்கும் பங்கு உண்டு.


சேவ்_பாயின்ட் எழுதியது:

விமர்சனமே இல்லை என்பது எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். மாமியார் வீட்டுச் சாப்பாடு பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

பாண்டியன் சார், எனக்கு ஒரு சந்தேகம். எல்லாத் தளங்களும் சேர்ந்து "உன் நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ள மாட்டோம், கடையில் வாங்கி எழுதிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்?


கன்சோல்_கணேசன் எழுதியது:

பாண்டியன் அண்ணா, பிழைதேடி அக்கா, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கடையில் கூட்டம் குறைந்ததும் போனில் இரண்டு தடவை படித்தேன். அண்ணா, நீங்கள் சொன்னதை இன்னும் தேடிப் பார்க்கவில்லை, ராத்திரி பார்க்கிறேன். அந்த யூடியூப்காரர் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? அவர் வீடியோவின் தொடக்கத்தில் "கேம் கொடுத்த நண்பர்களுக்கு நன்றி" என்று சொன்னார். அது தப்பா?


பீளமேடு_பாண்டியன் எழுதியது:

சேவ்_பாயின்ட், ஒரு தளத்துக்கு அது தானாகவே நடந்தது. ஃபால்அவுட் 4 பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியிட்டதற்காக பெதஸ்தா நிறுவனமும், அப்போது வெளிவராத அசாசின்ஸ் கிரீட் கேம் ஒன்றின் விவரத்தை வெளியிட்டதற்காக யூபிசாஃப்ட் நிறுவனமும் கொட்டாகுவை ஒதுக்கி வைத்தன. கோட் கிடையாது, பேட்டி கிடையாது, மின்னஞ்சலுக்குப் பதிலும் கிடையாது. 2015 நவம்பரில் ஆசிரியர் ஸ்டீஃபன் டோட்டிலோ இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தளம் செத்துப்போகவில்லை. கேமைக் காசு கொடுத்து வாங்கி, கொஞ்சம் தாமதமாக எழுதிக்கொண்டார்கள். ஆனால் அது பெரிய தளம், தாங்கியது. எங்கள் தளத்துக்கு ஒரு மாதம் கோட் வராவிட்டால் எனக்கு 1,200 கிடையாது. எல்லாரும் சேர்ந்து செய்வார்கள் என்பது நடக்காது, ஒருவன் மட்டும் உள்ளே போனால் அன்றைக்கு வாசகர்கள் அத்தனை பேரும் அவனுக்குத்தான். அதுவும் இப்போதெல்லாம் கம்பெனிகளுக்குத் தளங்களே பெரிதாகத் தேவையில்லை. யூடியூப்காரர்கள் இருக்கிறார்கள்.

கணேசன், நன்றி சொன்னது தப்பில்லை. சொல்லாமல் விட்டதுதான் தப்பாகும். கேம் மட்டும் கிடைத்ததா, பணமும் கிடைத்ததா, எதைக் காட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டாரா, இது தெரிய வேண்டும். 2014இல் ஷேடோ ஆஃப் மோர்டோர் என்ற கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் ஓர் ஏஜென்சி மூலம் யூடியூப்காரர்களைப் பிடித்தது. சிலருக்கு நூற்றுக்கணக்கில், சிலருக்குப் பல்லாயிரம் டாலர். நல்லபடியாகப் பேச வேண்டும், பக் எதையும் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. பணம் வாங்கியதை வீடியோவுக்குக் கீழே உள்ள விவரப் பெட்டியில் போட்டால் போதும் என்றார்கள். "மேலும் காட்டு" என்பதை அழுத்தினால்தான் அது தெரியும். அந்த வீடியோக்களை 55 லட்சம் தடவைக்கு மேல் பார்த்தார்கள். அதில் பியூடிபை என்ற பிரபல யூடியூப்காரர் ஒருவருடையது மட்டும் 37 லட்சம். அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி இதைக் குற்றமாகச் சுமத்தியது, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று வார்னர் 2016 ஜூலையில் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது. இதில் வேடிக்கை, கேம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நல்ல கேமுக்கும் பணம் கொடுத்துத்தான் புகழ வைத்தார்கள்.

நம் ஊரிலும் விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021 ஜூனிலிருந்தே இதற்கு வழிமுறை வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் கொடுத்தது. பணம் மட்டுமில்லை, இலவசப் பொருள், விமான டிக்கெட், ஓட்டல் தங்கல், எல்லாம் கணக்கில் வரும். வீடியோ என்றால் வீடியோவிலேயே சொல்ல வேண்டும், கீழே எழுதினால் மட்டும் போதாது. எனக்கு மிகவும் பிடித்தது இது: எந்த மொழியில் பரிந்துரைக்கிறீர்களோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும். பத்து நிமிடம் மதுரைத் தமிழில் பேசிவிட்டு, கீழே ஓரமாக ஆங்கிலத்தில் ஒரு ஹேஷ்டேக் போட்டால் செல்லாது. மீறினால் 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கேம் சேனல் எத்தனை இதை மதிக்கின்றன என்று நீங்களே இன்றைக்கு நாலு வீடியோ பார்த்துச் சொல்லுங்கள்.

விமான டிக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2013இல் என்னையும் ஒரு நிகழ்ச்சிக்கு மும்பை கூட்டிப் போனார்கள். கடல் பார்த்த அறை. நான் முதன்முதலாக விமானம் ஏறியதே அன்றைக்குத்தான். திரும்பி வந்து எழுதிய முன்னோட்டக் கட்டுரையைப் போன வாரம் தேடி எடுத்துப் படித்தேன். கேமைப் பற்றி ஒரு குறையும் இல்லை. டிக்கெட் யார் போட்டது என்று ஒரு வரியும் இல்லை.


கன்சோல்_கணேசன் எழுதியது:

பார்த்துவிட்டேன். ஆறில் நாலு விமர்சனத்தின் அடியில் பிசி என்று இருக்கிறது. ஒன்றில் பிஎஸ்5. ஒன்றில் எதுவுமே போடவில்லை, அதுதான் 10 போட்ட தளம். ஆறும் வெளிவந்த நேரம் ஒன்றே, இந்திய நேரம் இரவு எட்டரை. பிஎஸ்4 பற்றித் தனியாக எழுதிய ஒரே ஒரு கட்டுரை, கேம் வந்து ஐந்தாம் நாள் வந்திருக்கிறது. அதற்குள் நான் பில்லையே தொலைத்துவிட்டேன்.

யூடியூப்காரருக்கு வீடியோவுக்குக் கீழே மரியாதையாகக் கேட்டேன்: "அண்ணா, கேம் மட்டும் கொடுத்தார்களா, பணமும் கொடுத்தார்களா, எந்த மெஷினில் விளையாடினீர்கள்?" ஒரு ஹார்ட் போட்டிருக்கிறார். பதில் இல்லை.

டிஸ்க்கை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டேன், 1,400 தருவதாகச் சொன்னார்கள். தம்பி விற்க வேண்டாம் என்கிறான், பேட்ச் வருமாம், காத்திருக்கலாமாம். பிழைதேடி அக்கா, நிஜமாகவே பிஎஸ்4க்கு இனிமேல் சரிசெய்து கொடுப்பார்களா, இல்லை இன்றைக்கே கொடுத்துவிடட்டுமா? கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் அந்த விலை என்கிறார்.


பிழைதேடி எழுதியது:

கொடுத்துவிடுங்கள். பிஎஸ்4 பதிப்புக்கு எங்களைப் போன்ற டெஸ்டிங் ஆட்களை வெளியீட்டுக்குப் பிறகு எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1,500 கேட்டுப் பாருங்கள்.